கூட்டின் முகவரி கேட்காதீர்கள்: நமது காட்டுயிர்ப் படக் குழுவின் ஒருங்கிணைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

சென்ற வாரம் நமது வாட்ஸப் குழுவில் நீங்கள் அறிவித்த இரண்டு விதிகளையும் என்னால் ஏற்க இயலவில்லை. இனிக் குழுவில் போடப்படும் ஒவ்வொரு காட்டுயிர்ப் படத்தோடும் அது எடுக்கப்பட்ட இடத்தின் லொகேஷன் பின்னை (வரைபடத்தில் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் குறியை) அன்றிரவுக்குள் இணைத்தாக வேண்டும், இணைக்காத படம் நீக்கப்படும் என்பது முதல் விதி. வரும் கோடையில் நடக்கவிருக்கும் ஆண்டுக் கண்காட்சியில் கூடு, முட்டை, குஞ்சு ஆகியவற்றுக்கெனத் தனிப் பரிசுப் பிரிவு ஒன்று இருக்கும் என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் வெவ்வேறு கூட்டங்களில் வெவ்வேறு காரணங்களுக்காக முடிவு செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நடைமுறையில் ஒன்று மற்றொன்றைத் தூண்டும். கூட்டைப் படமெடுத்தால் பரிசு என்று ஒரு விதி ஆசை காட்டும். எந்தக் கூடு எங்கே இருக்கிறது என்பதை நம் குழுவின் எண்ணூறு பேரின் கைபேசிக்கு இன்னொரு விதி கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இதைக் குழுவிலேயே கேட்டேன். பதிலாகச் சில கட்டைவிரல் குறிகளும், "இது நிர்வாகக் குழுவின் முடிவு" என்ற ஒற்றை வரியும் வந்தன. அதன் பிறகு நிர்வாகிகள் மட்டுமே பதிவிடும்படி குழு ஒரு நாள் முழுவதும் பூட்டப்பட்டது. ஆகவே இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன். குழுவின் பெயரையும் உறுப்பினர் எவர் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். திருப்பூர், ஈரோடு, கோவை வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கேமராவோடு குளக்கரைகளில் அலைபவர்களுக்கு நாம் யார் என்பது தெரியும். மற்றவர்களின் ஊர்க் குழுக்களிலும் இதே விவாதம் ஏதாவது ஒரு வடிவில் நடந்திருக்கும் என்பதால் அவர்களுக்குப் பெயர் தேவைப்படாது.

உங்கள் பக்க நியாயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. மூத்தவர்கள் படத்தை மட்டும் போடுகிறார்கள், "எங்கே எடுத்தீர்கள் அண்ணா?" என்று கேட்டால் மாவட்டத்தின் பெயரைச் சொல்லி நழுவுகிறார்கள், ஆனால் தங்களுக்கு வேண்டிய நான்கு பேரை மறுநாளே காரில் ஏற்றிக்கொண்டு அதே இடத்துக்குப் போகிறார்கள் என்று புதியவர்கள் குறைபட்டுக்கொள்வது பொய்யல்ல. சிலர் இடத்தைக் காட்டப் பணம் வாங்குவதும் நம் எல்லோருக்கும் தெரிந்ததே. தவணையில் வாங்கிய லென்ஸை வைத்துக்கொண்டு வீட்டு மொட்டை மாடியில் மைனாவையும் புறாவையும் எடுத்துக்கொண்டிருக்கும் ஒரு இளைஞர், இந்த ரகசியங்கள் பறவையைக் காப்பதற்காக அல்ல, எடுத்தவரின் படத்துக்கு இருக்கும் அருமையைக் காப்பதற்காகத்தான் என்று நினைத்தால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பல நேரங்களில் அதுதான் உண்மை. இந்த ஓரவஞ்சனைக்குத் தீர்வு வேண்டும். ஆனால் பத்துப் பேரின் கஞ்சத்தனத்துக்கான தண்டனையை ஆந்தைக்கும் ஆள்காட்டிக்கும் கொடுப்பது எந்த ஊர் நியாயம் என்று புரியவில்லை.

இடத்தைச் சொல்வதே தவறு என்று நான் வாதிடவில்லை. நஞ்சராயன் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரின் கழிவு நீர் வந்து சேரும் பழைய ஏரி என்று திருப்பூர்க்காரர்களிலேயே பலர் நினைத்திருந்த அந்தக் குளத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் அது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. பறவை ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்த பட்டியல்களும், வரித்தலை வாத்துகள் வந்திறங்கிய காலைகளில் எடுத்த படங்களும் வெளியே வராமல் இருந்திருந்தால், அந்த நீர்ப்பரப்பின் மதிப்பு அலுவலகங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? நூற்றுக்கணக்கான பறவைகள் திறந்த நீரில் மிதக்கும் ஒரு குளத்தை, கரையில் நின்று எவர் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய இடத்தை, ஊரறியச் சொல்ல வேண்டும். அங்கே கண்கள் கூடக்கூட மண் அள்ளுபவருக்கும் குப்பை கொட்டுபவருக்கும் கை கூசும். ஒற்றைக் கூடு, பகலில் ஆந்தை அடையும் மரம், தேவாங்கு உலவும் வேலி ஆகியவற்றின் கதை வேறு. அங்கே கூடும் ஒவ்வொரு கண்ணும் சுமைதான். உங்கள் விதி இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது என்பதே என் முதல் குற்றச்சாட்டு.

சென்ற ஆண்டு நடந்ததை நினைவுபடுத்துகிறேன். உங்களில் இருவர் அன்று அங்கே இருந்தீர்கள். கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரித்திருந்தது. (எந்தக் குவாரி என்று இந்த மடலிலும் சொல்லப்போவதில்லை.) அந்த ஆந்தை குச்சி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை, பாறை விளிம்பில் வெறும் தரையிலேயே முட்டையிடும். சனிக்கிழமை இரவு ஒருவர் படத்தைப் போட்டார், கேட்டவர்களுக்கெல்லாம் பின்னும் அனுப்பினார். அன்று அது கட்டாய விதிகூட அல்ல, வெறும் தாராள மனசு. ஞாயிறு காலை நான் போய்ச் சேர்ந்தபோது இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப் பாதை) முழுக்கக் கார்கள் நின்றன. எதிர்ப் பாறையிலிருந்து எடுத்தவர்களுக்குக் கோணம் போதவில்லை. கண் மட்டத்தில் எடுக்க வேண்டும் என்று சிலர் விளிம்புக்கு மேலேயே ஏறினார்கள். தாய் எழும்பிப் பறந்தது. பகல் வெளிச்சத்தில் வெளியே வந்த ஆந்தையைக் காக்கைகள் விடுமா? ஒரு காக்கை கரைந்ததும் பத்துக் காக்கைகள் கூடின, கரிச்சான்கள் இரண்டு அதன் முதுகைக் குறிவைத்து மாறி மாறிப் பாய்ந்தன. தலையில்லாத ஒரு பனை மரத்தின் உச்சியில் கண்ணை இடுக்கிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. கொம்பு போன்ற காதுத் தூவிகள் படுத்துப் போயிருந்தன. வெள்ளைத் தூவி மாறாத குஞ்சுகள் இரண்டும் வெயிலேறிய பாறையில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அந்தப் பனைமர ஆந்தையின் படத்துக்கு அன்று மாலை குழுவில் விழுந்த இதயக் குறிகளை நீங்களும் பார்த்தீர்கள்.

அடுத்த வாரம் அந்த விளிம்பில் எதுவும் இல்லை. இந்த ஆந்தையின் குஞ்சுகள் பறக்கத் தெரியும் முன்பே நடந்து நகர்ந்துவிடும் என்பதால் அவை பிழைத்திருக்கலாம். கீரிப்பிள்ளையோ நாயோ கொண்டுபோயிருக்கவும் கூடும். எது நடந்தது என்பதைச் சொல்ல என்னால் முடியாது, உங்களாலும் முடியாது. இந்த ஆண்டு அந்தக் குவாரியில் கொம்பன் ஆந்தை இல்லை.

அந்த ஞாயிறு கெடுத்தது பறவையை மட்டுமல்ல. குவாரிக்குப் போகும் வழியில் கடலை போட்டிருந்த விவசாயி ஒருவர், அதுவரை நமக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தவர், கிணற்று மோட்டார் போட வரும்போது பார்த்ததையெல்லாம் ஆசையாகச் சொல்பவர், கார்கள் திரும்புவதற்காகத் தன் காட்டில் இறங்கிக் கொடியை நசுக்கியதைப் பார்த்தார். மறுநாள் இட்டேரியில் வேலிமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார். நான் போய்ப் பேசியபோது, "நீங்க ஒருத்தரு வந்தப்ப ஒண்ணும் தெரியலைங்க, ஊரே வந்தா நான் எங்க போறதுங்க?" என்று கேட்டார். நம் குழு இதுவரை அவரிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை.

எண்ணூறு பேரில் எத்தனை பேரை உங்களுக்கு முகம் பார்த்துத் தெரியும்? நம் குழுவில் சேர்ந்தது முதல் ஒரு படமும் போடாத எண்கள் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்று, நட்சத்திர ஆமைப் படம் ஒன்றுக்குக் கீழே "எந்த ஊர்?" என்றும், மண்ணுளிப் பாம்புப் படத்துக்குக் கீழே "எவ்வளவு பெரிசு? எந்த இடம்?" என்றும் கேட்டதை நான் எடுத்துக்காட்டினேன், "ஆர்வத்தில் கேட்கிறார்" என்று சொல்லி விட்டுவிட்டீர்கள். அவர் ஆர்வலராகவே இருக்கட்டும். ஆனால் நட்சத்திர ஆமை கடத்தப்படும் அளவைக் கண்டுதான் 2019இல் அதைப் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை விதிக்கும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலுக்கு மாற்றினார்கள் என்பதையும், மண்ணுளிப் பாம்பு அதிர்ஷ்டம் தரும் என்ற மூடநம்பிக்கையில் அதை லட்சக்கணக்கில் விலை பேசுகிறவர்கள் நம் மாவட்டங்களிலேயே பிடிபடுகிறார்கள் என்பதையும் நாளிதழ் படிக்கும் எவரும் அறிவர். வட இந்தியாவில் தீபாவளியை ஒட்டி மாந்திரீகத்துக்காக ஆந்தைகள் விற்கப்படுவதைக் காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் இந்தியா அமைப்பு 2010லேயே ஆவணப்படுத்தியிருக்கிறது. இத்தகைய உயிர்களின் இருப்பிடத்தைத் துல்லியமாக, தேதியோடு, படத்தின் சான்றோடு ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் பட்டியல் ஒன்று வேண்டும் என்று கடத்துபவர் ஒருவர் ஆசைப்பட்டால், அவருக்கு உங்கள் முதல் விதியைவிட வேறென்ன வேண்டும்?

தேவாங்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் கரூர், திண்டுக்கல் பக்கம் இரவு நடை போகும் பழக்கம் நம்மிடையே கூடிவருகிறது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022இல் அறிவிக்கப்பட்டது. நாட்டில் தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அது. சரணாலயம் இருப்பதை உலகமே அறியலாம், அறிய வேண்டும். ஆனால் தேவாங்குகள் சரணாலய எல்லையைப் பார்த்து வாழ்வதில்லை. தோட்டத்து வேலிகளிலும் முட்புதர்களிலும் வாழ்கின்றன. டார்ச் வெளிச்சத்தில் இரு செந்தணல்களாகக் கண் மின்னும். வெளிச்சம் பட்டதும் ஓடாமல் கிளையைப் பற்றிக்கொண்டு நின்றுவிடும். கையை நீட்டிப் பிடித்துவிடலாம். மருந்துக்கும் மாந்திரீகத்துக்கும் அதைப் பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருட்டுக்காகவே அமைந்த அந்தக் கண்களில் ஃபிளாஷ் அடிப்பது ஒருபுறம் இருக்க, அது இருக்கும் வேலியின் பின்னைப் பொதுவில் போடச் சொல்லும் விதியை எழுதியவர், அந்த விலங்கை ஒரு முறையேனும் நேரில் பார்த்திருப்பாரா என்று எனக்கு ஐயம்.

இனிப் பரிசுப் பிரிவுக்கு வருகிறேன். "குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப் படத்தைவிட மக்களை இயற்கையின் பக்கம் ஈர்ப்பது வேறில்லை" என்று அறிவிப்பில் எழுதியிருக்கிறீர்கள். ஈர்க்கும், மறுக்கவில்லை. அந்தப் படம் எப்படிக் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வற்றிய ஏரி ஒன்றில், சித்திரை வெயிலில், நான் கண்டதைச் சொல்கிறேன். ஆள்காட்டியின் கூடு என்பது தரையில் ஒரு சிறு குழி, ஓரத்தில் சில சரளைக் கற்கள், நடுவில் மண் நிறத்தில் கரும்புள்ளியிட்ட நான்கு முட்டைகள், அவ்வளவுதான். நண்பகலில் அந்தப் பறவை முட்டையின்மேல் உட்காருவது சூடேற்ற அல்ல, நிழல் கொடுக்க. பக்கத்தில் இருக்கும் நீருக்கு ஓடி, வயிற்றுத் தூவியை நனைத்துக்கொண்டு வந்து, ஈரத்தோடு முட்டைமேல் அமரும். அன்று கூட்டைச் சுற்றி ஆறேழு கேமரா முக்காலிகள் நின்றன. பறவை நனைந்து வந்தது, முக்காலியைக் கண்டு நின்றது, பக்கவாட்டில் ஓடியது, கத்திக்கொண்டே மேலே சுற்றியது, இறங்கியது, அதற்குள் வயிறு உலர்ந்துவிட மீண்டும் சேற்று நீருக்கு ஓடியது. இப்படியே முக்கால் மணி நேரத்துக்கு மேல் போயிற்று. "செம ஆக்‌ஷன்" என்று ஒருவர் பர்ஸ்ட் மோடில் தட்டிக்கொண்டே இருந்தார். சீமைக் கருவேலங்கிளையில் காக்கை ஒன்று உட்கார்ந்து, மனிதர்கள் எதைச் சுற்றி நிற்கிறார்கள் என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. முட்டைகள் அவிந்துபோக அந்த வெயில் போதும். அவியாமல் தப்பினால் காக்கைக்கு வழி தெரிந்துவிட்டது.

இது ஒரு பறவையின் கதை. தேன்சிட்டின் தொங்கும் கூட்டில் வெளிச்சம் விழவில்லை என்று அதை மறைத்திருக்கும் இலைகளைக் கத்தரித்துவிடும் வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. படத்தில் பின்னணி சுத்தமாகத் தெரிந்தால் நடுவர் மெச்சுவார், ஆனால் அந்த இலைகள்தான் வல்லூறின் கண்ணிலிருந்து கூட்டை மறைத்திருந்தவை. வால்பாறைப் பக்கம் பெரிய இருவாச்சியின் பெண் மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஆண் கொண்டுவந்து ஊட்டுவதே அதற்கும் குஞ்சுக்கும் உணவு. கீழே ஆள் நடமாட்டம் இருந்தால் ஆண் வாயில் பழத்தோடு தூர மரத்திலேயே காத்திருக்கும். நாம் எடுக்கும் "காத்திருக்கும் இருவாச்சி" படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், உள்ளே ஒரு வேளை உணவு தாமதமாகியிருக்கிறது என்பதற்கான ஆதாரம் அது. பரிசு என்று ஒன்று அறிவிக்கப்பட்டுவிட்டால் இவையெல்லாம் கூடுமா குறையுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதை வரையறுக்கும்போது, காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதோடு, முட்டைகளுக்கோ கூடுகளுக்கோ இடையூறு செய்வதையும் அதற்குள் அடக்குகிறது. ஆள்காட்டியைச் சுற்றி நின்ற முக்காலிகளை நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்பதைச் சோதித்துப் பார்க்கும் முதல் குழு நாமாக இருக்க வேண்டாம். நம் நாட்டிலேயே மதிப்புள்ள சில இயற்கைப் படப் போட்டிகள் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என்று விதியிலேயே எழுதியிருக்கும்போது, ஓர் ஊர்க் குழு அதற்குத் தனிப் பரிசு வைப்பது நமக்குப் பெருமை சேர்க்காது.

அறிவியல் என்ற காரணத்தையும் சொல்லியிருக்கிறீர்கள்: இடம் இல்லாத படம் ஆய்வுக்குப் பயன்படாது என்று. 942 பறவையினங்களின் நிலையை ஆராய்ந்த 2023ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, ஏறத்தாழ 30,000 பறவை நோக்கர்களின் சுமார் 3 கோடிப் பதிவுகளின்மேல் நின்றது. அந்தப் பதிவுகள், பறவை நோக்கர்கள் தாம் பார்த்ததைப் பட்டியலிடும் இபேர்ட் தளத்தில் உள்ளவை. அதே இபேர்ட், வேட்டைக்கும் இடையூறுக்கும் ஆளாகக்கூடிய இனங்களின் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கிறது. ஆய்வாளர் முறைப்படி கேட்டால் மட்டுமே கிடைக்கும். ஐநேச்சுரலிஸ்ட் தளம் அழியும் நிலையில் உள்ள உயிர்களின் இடத்தைச் சுமார் 20 கிலோமீட்டர் சதுரத்துக்குள் கலைத்துக் காட்டுகிறது. அறிவியலுக்காகவே நடத்தப்படும் தளங்கள் இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கும்போது, இரண்டு நாளில் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் காலை வணக்கங்களுக்கும் கீழே புதைந்துபோகும் ஒரு லொகேஷன் பின்னைக் கொண்டு எந்த ஆய்வு வளரப்போகிறது? அறிவியலுக்கு உதவ விரும்பினால், ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் நம் எண்ணூறு பேரில் நூறு பேராவது பட்டியல் போடட்டும். இந்த ஆண்டு எத்தனை பேர் போட்டோம் என்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

பொய்ப் படங்களைத் தடுக்க இடம் வேண்டும் என்ற வாதமும் நிற்காது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் போட்டியில் 2017இல் பரிசு பெற்ற எறும்புதின்னிப் படம் மறு ஆண்டே தகுதி நீக்கம் செய்யப்பட்டது. படத்தில் இருந்தது, பிரேசிலின் எமாஸ் தேசியப் பூங்கா வாயிலில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த பஞ்சடைத்த உடல் என்ற முடிவுக்கு வல்லுநர்கள் வந்தார்கள்; எடுத்தவர் அதை மறுத்தார். எடுத்த பூங்கா எது என்பதில் யாருக்கும் ஐயமில்லை, ஐயம் விலங்கின்மேல்தான். பொய்யைப் பிடிக்கக் கண்ணும், மூலக் கோப்பும், விலங்கின் உடலைத் தெரிந்த இரண்டு பேரும் வேண்டும். மூலக் கோப்பு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கண்காட்சிக்கு நாம் அனுப்பும் மூலக் கோப்புகளை எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு டிரைவ் ஃபோல்டரில் வைத்திருக்கிறீர்கள். கைபேசியோடு இணைந்த கேமராக்கள் இருப்பிடத்தைப் படத்துக்குள்ளேயே எழுதிவிடுகின்றன. லொகேஷன் பின்னைப் போடாதவர் எடுத்த கூடும் அந்த ஃபோல்டரில் முகவரியோடுதான் கிடக்கிறது.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், வந்து அடையும் பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அவர்களிடம் கேமரா இல்லை, சான்றிதழ் இல்லை, போட்டி இல்லை. குழந்தைகளின் கையிலிருந்து மத்தாப்பை வாங்கி வைக்கும் மனம் அவர்களுக்கு இருக்கிறது. நம்மிடம் கேட்கப்படுவது ஒரு பின்னை அனுப்பாமல் இருப்பது மட்டும்தான்.

அப்படியென்றால் எதைப் பகிர்வது? என் எண்ணத்தில், பார்த்ததை. காட்டுயிர் எழுத்தாளரும் படக் கலைஞருமான மா. கிருஷ்ணன் கருப்பு வெள்ளைப் படங்களோடு தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவற்றில், யானை தும்பிக்கையை எப்படி வைத்திருந்தது, எந்தப் பக்கம் காற்று அடித்தது, எதைக் கண்டு நின்றது என்பதெல்லாம் இருக்கும். அவர் 1996இல் மறைந்த பின்னும் அவற்றைப் படிப்பவர் அதற்காகவே படிக்கிறார். நம் குழுவில் ஆறுமணிக் குருவியின் படங்கள் குளிர்காலத்தில் வாரத்துக்கு நான்கு பேரிடமிருந்தாவது வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே லென்ஸ், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எல்லாம் இருக்கின்றன. அந்தப் பறவை சருகை அலகால் புரட்டியதா காலால் கிளறியதா என்று ஒருவரும் எழுதுவதில்லை. எழுதியிருந்தால், ஸ்பீக்கரில் அதன் குரலைப் போட்டு வெளியே வரவழைத்தவருக்கு எழுத எதுவும் இருந்திருக்காது என்பது தானே தெரிந்துபோயிருக்கும்.

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன். லொகேஷன் பின்னைக் கட்டாயமாக்கும் விதியைத் திரும்பப் பெறுங்கள். குளம், அணை, சரணாலயம் போன்ற பொது இடங்களுக்கு இடத்தின் பெயர் போதும், அதைச் சொல்ல எவரும் தயங்கக் கூடாது என்று எழுதுங்கள். கூடு, அடையும் மரம், ஆந்தைகள், தேவாங்கு, நட்சத்திர ஆமை, மண்ணுளிப் பாம்பு ஆகியவற்றுக்கு மாவட்டத்துக்குக் கீழே எந்த விவரமும் போடக் கூடாது, போட்டால் நிர்வாகி உடனே நீக்குவார், தனிச்செய்தியில் கேட்பவருக்கும் கொடுக்கக் கூடாது என்று அதே விதியில் சேர்த்துவிடுங்கள். கூட்டுப் பிரிவை ரத்து செய்வதோடு நில்லாமல், எந்தப் பிரிவிலும் கூடு, முட்டை, கூட்டிலுள்ள குஞ்சு ஆகியவற்றின் படங்களை ஏற்பதில்லை என்று, இனப்பெருக்கக் காலம் சூடு பிடிக்கும் முன், அதாவது மார்ச் தொடங்கும் முன்பே அறிவியுங்கள். டிரைவ் ஃபோல்டரை இன்றே மூடி, மூலக் கோப்புகளைப் பார்க்கும் உரிமையை இரண்டு நடுவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

புதியவர்களின் குறைக்கு, மாதம் ஒரு ஞாயிறு பொது நடை வைக்கலாம். நம்மில் மூத்தவர்கள் முறை வைத்து ஆளுக்கு ஐந்து பேரை அழைத்துச் செல்ல வேண்டும், நான் உட்பட. இடம் காட்டப் பணம் வாங்குபவர்கள் குழுவை அதற்கு ஆள் பிடிக்கும் இடமாகப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பேச்சை நீங்கள் தவிர்த்துவருவதற்குக் காரணம் எனக்குத் தெரியும், இருந்தும் கேட்கிறேன். ஒரு படமும் போடாத, எவருக்கும் அறிமுகமில்லாத எண்களை அழைத்துப் பேசுங்கள். யாரென்று சொல்ல மறுப்பவர்களை நீக்குங்கள். லொகேஷன் பின்னைக் கேட்ட இடத்தில், பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்.

குவாரி வழியில் கடலைக்காடு நசுங்கிய விவசாயியிடம் ஒருங்கிணைப்பாளர்கள் நேரில் போக வேண்டும். குழு நிதியில் பணம் இருக்கிறது; நட்டத்தை அவர் சொல்லும் கணக்குப்படி கொடுங்கள்.

இவை நடக்கும் வரை கண்காட்சிக்கு நான் படம் தரப்போவதில்லை. ஏற்கெனவே அனுப்பியவற்றையும் திரும்பப் பெறுகிறேன். இம்மடலுக்கான பதிலை எனக்குத் தனிச்செய்தியாக அனுப்ப வேண்டாம். குழுவைப் பூட்டாமல், எல்லோரும் படித்துப் பதில் எழுதும்படி, பிப்ரவரி முடிவதற்குள் குழுவிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
குழுவின் உறுப்பினர் ஒருவர்,
திருப்பூர்